டிவியை இரண்டாவது மானிட்டராக்கினால் எழுத்து ஏன் மங்குகிறது?

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்பே 43 இன்ச் 4கே டிவி நடுத்தர வீடுகளில் சாதாரணப் பொருளாகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் மனதில் இப்போது ஒரு கணக்கு ஓடுகிறது. லேப்டாப்பின் 15 இன்ச் திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவானேன், பகல் முழுக்க ஹாலில் சும்மா தொங்கும் டிவியில் ஒரு கேபிளைச் சொருகினால் என்ன?

சொருகலாம். படமும் வரும். வந்த பிறகுதான் சிக்கல். டாஸ்க்பாரில் பாதி திரைக்கு வெளியே போயிருக்கும். எழுத்துகள் ஈரத்தாளில் எழுதியதுபோல ஊறிப் பரவியிருக்கும். மவுஸை நகர்த்தினால் கர்சர் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். கேபிள் சரியில்லை என்று புதுக் கேபிள் வாங்குவார்கள். அதிலும் அதே கதை. பெரும்பாலும் கேபிள் மேல் குற்றம் இல்லை. டிவி தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் இதெல்லாம் நடக்கிறது.

## காட்டும் திரை, திருத்தும் திரை

மானிட்டருக்கு ஒரே ஒரு வேலை. எந்தப் புள்ளியில் எந்த நிறம் என்று கணினி சொல்கிறதோ, அதை அப்படியே காட்ட வேண்டும். அந்தப் புள்ளிதான் பிக்சல்.

டிவிக்கு வருவது பெரும்பாலும் குறைபட்ட படம். இறுக்கிச் சுருக்கிய ஒளிபரப்பு, பழைய சினிமா, நெட் மந்தமாகும்போது தரம் இறங்கிய வீடியோ. அதைப் பெரிதாக்கி, கூர்மையாக்கி, நிறமேற்றி, அசைவை வழவழப்பாக்கிக் காட்டுவதற்கென்றே உள்ளே ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சீரியலும் ஒன்றுதான், எக்செல் அட்டவணையும் ஒன்றுதான். முகத்துக்குப் போடும் பவுடரை அது கணக்கு நோட்டுக்கும் போடும்.

ஆகவே டிவியை மானிட்டராக்குவது என்றால், முதலில் அதன் கையைக் கட்டிப்போட வேண்டும். செட்டிங்ஸில் எதை எதை அணைக்க வேண்டும், எது எவ்வளவு அணைத்தாலும் தீராது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

## திரையின் ஓரம் எங்கே போனது?

இதற்குப் பிக்சர் டியூப் காலத்துக்குப் போக வேண்டும். 2006இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் இலவசக் கலர் டிவி பலருக்கு நினைவிருக்கும். அந்த வகைப் பெட்டிகளில் வோல்டேஜ் இறங்கினால் படம் சுருங்கிவிடும். சுருங்கும்போது ஓரத்தில் கருப்புப் பட்டை தெரியக் கூடாதென்று, கண்ணாடியைவிடச் சற்றுப் பெரிதாகவே படத்தை வரையும்படி அமைத்திருந்தார்கள். நாலு ஓரத்திலும் கொஞ்சம் படம் எப்போதும் சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். இதுதான் ஓவர்ஸ்கேன். ஒளிபரப்புகிறவர்களுக்கும் இது தெரியும் என்பதால், எழுத்துகளை நடுவில் 80 முதல் 90 சதவீதப் பரப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

இன்றைய தட்டை டிவியில் டியூப் இல்லை. புள்ளிகள் பதித்துவைத்தபடி அசையாமல் இருக்கின்றன, சுருங்குவதற்கு எதுவுமில்லை. ஆனாலும் வழக்கம் போகவில்லை. சில ஒளிபரப்புகளில் படத்தின் ஓரத்தில் வேண்டாத கோடுகளும் புள்ளிகளும் வருவதால், அவற்றை மறைக்க இன்றும் பல டிவிகள் ஓவர்ஸ்கேனைப் போட்டபடியே கடையிலிருந்து வருகின்றன.

விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். கணினி 1920×1080 புள்ளிகள் அனுப்புகிறது. டிவி 5 சதவீதத்தை வெட்டினால் மிஞ்சுவது 1824×1026. அதை இழுத்து மறுபடி முழுத் திரைக்குப் பரப்புகிறது. டாஸ்க்பார் வெட்டுப்பட்டதை எல்லோரும் கவனிக்கிறார்கள். திரையின் நட்டநடுவில் எழுத்து மங்கியதும் இதே காரணத்தால்தான் என்பது அவ்வளவாக யாருக்கும் தோன்றுவதில்லை. கணினியின் ஒரு புள்ளி இப்போது டிவியின் ஒரு புள்ளியில் உட்காரவில்லை. ஒரு புள்ளியைத் தாண்டி அடுத்த புள்ளியிலும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தப்பான வைத்தியம் பரவலாக நடக்கிறது. கணினியின் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸுக்குள் போய், படத்தைச் சுருக்கும் ஸ்லைடரை இழுத்து டாஸ்க்பாரை உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். ஓரம் திரும்பிவிடும். ஆனால் கணினி ஒருமுறை சுருக்க, டிவி ஒருமுறை இழுக்க, எழுத்து இரண்டு தடவை அடிபடும். சரிசெய்ய வேண்டிய இடம் டிவி. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்க்ரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்', வேறு சிலவற்றில் 'டாட் பை டாட்' அல்லது '1:1'. பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே.

## 1366 என்கிற இடக்கான எண்

நம் வீடுகளில் அதிகம் காணப்படும் 32 இன்ச் டிவிகளில் பலவற்றின் மேல் 'எச்டி ரெடி' என்று எழுதியிருக்கும். அவற்றில் பெரும்பாலும் 1366×768 புள்ளிகள்தான். பெட்டியில் '1080பி சப்போர்ட்' (அதாவது 1920×1080) என்று போட்டிருந்தாலும், அந்தச் சிக்னலை வாங்கிக்கொண்டு சுருக்கிக் காட்டும் என்றுதான் அர்த்தம்.

கேபிளைச் சொருகிய உடனே டிவி தன் ஜாதகத்தைக் கணினிக்கு அனுப்புகிறது: நான் இன்னார், இந்தந்த அளவுகளில் படம் வாங்கிக்கொள்வேன். இதற்கு ஈடிஐடி என்று பெயர். விண்டோஸில் ரெசல்யூஷன் பட்டியலாகத் தெரிவதெல்லாம் இந்த ஜாதகத்தைப் படித்து வந்ததுதான். அதில் வழக்கமான திரை அளவுகளைக் குறிக்கும் கட்டத்தில் அகலத்தை 8ஆல் வகுத்துத்தான் எழுத முடியும். 1366ஐ 8ஆல் வகுத்தால் 170.75 வருகிறது. முழு எண் இல்லை. ஆகவே சில டிவிகள் 1360×768 என்று சொல்லும். பல டிவிகள் அதையும் சொல்லாமல், 1280×720, 1920×1080 என்ற டிவி உலக அளவுகளோடு நிறுத்திக்கொள்ளும். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது.

பட்டியலில் 1360×768 இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்த டிவியில் கூர்மையான எழுத்தை எதிர்பார்க்காதீர்கள்; வீடியோ பார்க்க அதுவே போதும்.

4கே டிவியில் இந்தத் தலைவலி கிடையாது. 3840×2160 எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு. அங்கே நடக்கும் தவறு வேறு: எழுத்து சிறியதாகத் தெரிகிறதென்று ரெசல்யூஷனை 1920×1080க்கு இறக்கிவிடுவது. அப்படிச் செய்தால் படத்தைப் பெரிதாக்கும் வேலை டிவியின் சிப்புக்குப் போய்விடும். ரெசல்யூஷனை 3840×2160 என்றே வைத்துவிட்டு, விண்டோஸில் 'ஸ்கேல்' என்ற இடத்தில் 125 அல்லது 150 சதவீதம் கொடுத்தால் எழுத்து பெரிதாகவும் இருக்கும், கூர்மையும் குறையாது.

## கோலமாவும் கலர்ப்பொடியும்

ஓவர்ஸ்கேன் போய்விட்டது, ரெசல்யூஷனும் சரி. அப்புறமும் எழுத்தின் விளிம்பில் ஏதோ சாயம் ஒழுகுகிறதா? இதுதான் விஷயத்தின் மையம்.

1982இல் தூர்தர்ஷன் கலர் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, வீடுகளில் இருந்த கருப்பு வெள்ளைப் பெட்டிகளை யாரும் தூக்கிப் போடவில்லை. அவற்றிலும் படம் வந்தது. ஏனென்றால் கலர் ஒளிபரப்பில் வெளிச்சம் ஒரு பங்காகவும் நிறம் இன்னொரு பங்காகவும் பிரிந்தே வரும். பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிட்டது. அப்படிப் பிரித்ததில் இன்னொரு லாபமும் இருந்தது. மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வித்தியாசத்தில் அவ்வளவு கறார் கிடையாது. ஆகவே நிறத்துக்கான பங்கைக் குறைத்து அனுப்பினாலும் பார்க்கிறவருக்குத் தெரியாது.

கோலத்தில் இதைத் தினமும் பார்க்கிறோம். வெள்ளைமாவுக் கோடு நேராக இருந்துவிட்டால், உள்ளே தூவிய கலர்ப்பொடி அங்கங்கே கோடு தாண்டியிருந்தாலும் கண்ணை உறுத்தாது.

டிஜிட்டல் வீடியோவில் இந்தச் சிக்கனத்தை மூன்று எண்களால் குறிக்கிறார்கள்.

1. 4:4:4 என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கே உரிய வெளிச்சம், அதற்கே உரிய நிறம். எதுவும் குறைக்கப்படவில்லை. கணினி இயல்பாக அனுப்பும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) சிக்னலும் இப்படிப்பட்டதே.

2. 4:2:2 என்றால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறம். மொத்தத் தகவல் மூன்றில் இரண்டு பங்காகிறது.

3. 4:2:0 என்றால் இரண்டுக்கு இரண்டு என்ற சதுரத்தில் உள்ள நான்கு புள்ளிகளுக்கும் ஒரே நிறம். தகவல் சரிபாதி. ஒளிபரப்பு, புளூரே, இணைய வீடியோ எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான்.

4கே படத்தை 4:2:0 முறையில் அனுப்பினால் வெளிச்சம் 3840×2160 நுணுக்கத்தோடு வரும். நிறம் 1920×1080 அளவில்தான் வரும். சினிமாவில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் எழுத்து என்பது ஓரிரு புள்ளி அகலமுள்ள கோடு. கோலத்தின் கோட்டையே கலர்ப்பொடியால் போட்டால் என்ன ஆகும்? நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கரைந்து ஓடுவது அதனால்தான்.

கருப்பு எழுத்துக்கு இது வராதே என்று தோன்றலாம். வரும். விண்டோஸில் 'கிளியர்டைப்' என்ற உத்தி இருக்கிறது. திரையின் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துண்டுகள் வரிசையாக இருக்கும். கருப்பு எழுத்தின் விளிம்பில் இந்தத் துண்டுகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கி வளைவை நயமாக்குகிறது கிளியர்டைப். அதாவது கருப்பு எழுத்தின் ஓரத்திலும் மிக மெல்லிய நிறம் ஒளிந்திருக்கிறது. அந்த நிறத்தை நான்கு புள்ளிக்குப் பொதுவாக்கினால் எழுத்து அழுக்காகத் தெரியும். தமிழ் எழுத்துக்குச் சேதம் இன்னும் அதிகம். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் சிறிய அளவில் ஒன்றுபோலாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்.

## டிவி ஏன் நிறத்தைக் குறைக்கிறது?

காரணம் இரண்டு. முதலாவது, கேபிள் வழியே போகும் தகவலின் அளவு.

1. 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். நொடிக்கு 60 படம், புள்ளிக்கு 24 பிட் என்றால் நொடிக்குச் சுமார் 11.9 ஜிகாபிட்.

2. படங்களுக்கு நடுவில் விடும் இடைவெளியையும், 8 பிட்டை 10 பிட்டாகக் கட்டி அனுப்பும் முறையையும் சேர்த்தால் கம்பியில் போவது 17.82 ஜிகாபிட்.

3. கணினியையும் டிவியையும் இணைக்கும் கேபிள், போர்ட்டுகளின் தரநிலைதான் எச்டிஎம்ஐ. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தாங்குவது 10.2 ஜிகாபிட். 2013இல் வந்த 2.0 தாங்குவது 18. 2017இல் வந்த 2.1 தாங்குவது 48.

4. ஆகவே 1.4 அளவுள்ள பாதையில் இரண்டில் ஒன்றைப் பாதியாக்கியே ஆக வேண்டும். நொடிக்கு 60 படத்தை 30 ஆக்கலாம், இல்லையேல் நிறத்தை 4:2:0 ஆக்கலாம். எப்படிச் செய்தாலும் 8.91 ஜிகாபிட். பாதையில் அடங்கிவிடும்.

பாதை என்று சொல்வது கேபிளை மட்டும் அல்ல. லேப்டாப்பின் போர்ட், நடுவில் யுஎஸ்பி சி ஹப் இருந்தால் அது, கேபிள், டிவியின் போர்ட் ஆகிய நான்கில் எது பலவீனமோ அதுதான் அளவு. மலிவான ஹப்கள் பலவும் 4கே 30 ஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 30 படத்தோடு நின்றுவிடும். இன்னொன்று, எல்லா யுஎஸ்பி சி துளையிலும் படம் வராது. டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ள துளையில்தான் வரும். டிவியின் பின்பக்கத்தில் மூன்று எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் மூன்றும் ஒரே திறன் கொண்டவை என்று நம்பிவிட வேண்டாம்.

அதற்கும் மேலே, திறனுள்ள போர்ட்டையே பல டிவிகள் பூட்டி வைத்திருக்கின்றன. பழைய பிளேயர்களை இணைத்தால் குழப்பம் வரக்கூடாதென்று, கடையிலிருந்து வரும்போது குறைந்த திறனிலேயே வைத்திருப்பார்கள். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்ற இடத்தில் அந்தந்தப் போர்ட்டுக்குத் தனித்தனியே திறந்துவிட வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் வேடிக்கையானது. கணினி 4:4:4 அனுப்பி, டிவியும் அதை முழுதாக வாங்கிக்கொண்ட பிறகும், உள்ளே இருக்கும் சிப் தன் வேலை வசதிக்காக நிறத்தைக் குறைத்துக்கொள்ளும். வந்திருப்பது கணினி என்று சொல்லும் வரை அது நிற்காது. சாம்சங்கிலும் எல்ஜியிலும் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை அல்லது ஐகானை 'பிசி' என்று மாற்ற வேண்டும். பெயர் மாற்றினால் படம் மாறும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் அங்கே பெயர்தான் சுவிட்ச். சோனியில் பிக்சர் மோடில் 'கிராஃபிக்ஸ்' அல்லது 'கேம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி எந்த வசதியும் இல்லாத டிவியில் கேம் மோடைப் போட்டுப் பார்க்கலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பாதை 1.4 அளவுதான், மாற்ற முடியாது என்ற நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது? 4கே 30 ஹெர்ட்ஸில் எழுத்து கூர்மையாக இருக்கும், கர்சர் தத்தித் தத்திப் போகும். 1080பி 60 ஹெர்ட்ஸில் கர்சர் வழுக்கிக்கொண்டு போகும், எழுத்து மென்மையாகும். திறந்து வைத்துப் படிப்பதற்கு முதலாவது, நாள் முழுக்க மவுஸ் பிடிக்கும் வேலைக்கு இரண்டாவது என்பேன்.

## மவுஸ் ஏன் நீந்துகிறது?

60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். அசைவை வழவழப்பாக்கும் வசதி, இரண்டு படங்களுக்கு நடுவே தானாக ஒரு படத்தை உருவாக்கிச் செருகுகிறது. அதற்கு அடுத்த படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரைச்சலை நீக்குவது, கூர்மையாக்குவது என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் நேரம் எடுக்கும். எல்லாம் சேர்ந்து சில டிவிகளில் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். சினிமா பார்க்கும்போது ஒலியையும் அதே அளவு தாமதமாக்கி விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மவுஸ் பிடித்த கைக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேம் மோடும் பிசி மோடும் இந்த வேலைகளையெல்லாம் நிறுத்திவிடும். பல டிவிகளில் தாமதம் 10 முதல் 20 மில்லிசெகண்டுக்கு வந்துவிடும். கேபிள் இல்லாமல் மிராகாஸ்ட், ஏர்பிளே வழியாக இணைத்தால் இந்தக் கணக்கே செல்லாது. படத்தைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபடி விரிக்க வேண்டும். ஸ்லைடு காட்டலாம், டைப் அடிக்க முடியாது.

இதனோடு சேர்த்து இரண்டு சின்னத் திருத்தங்கள். 'ஷார்ப்னஸ்' என்பதைக் கூட்டினால் எழுத்து தெளியும் என்று நினைக்கிறோம். அது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரையைத்தான் சேர்க்கும். பல டிவிகளில் அதை 0க்கு இறக்க வேண்டும், சோனியில் 50 என்பது நடுநிலை. கருப்பு சாம்பல்போல வெளிறித் தெரிந்தாலோ, இருண்ட பகுதிகள் ஒரே மொத்தையாகத் தெரிந்தாலோ அது அளவுகோல் தகராறு. டிவி உலகில் கருப்பு 16, வெள்ளை 235. கணினி உலகில் கருப்பு 0, வெள்ளை 255. இரண்டு பக்கமும் 'ஃபுல்' என்று வைத்துவிட்டால் சமாதானம்.

## எத்தனை இன்ச், எவ்வளவு தூரம்?

இனி வருவது செட்டிங்ஸால் தீராதது. திரை பெரிதாவதால் புள்ளி அதிகமாகிவிடாது. அதே புள்ளிகள் பெரிதாகின்றன. 6/6 பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும். அதை வைத்துக் கணக்கிட்டால், எந்தத் தூரத்துக்கு அப்பால் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது என்று கிடைக்கும்.

1. 24 இன்ச், 1920×1080 மானிட்டர்: இன்ச்சுக்கு 92 புள்ளி. 95 செ.மீ.
2. 32 இன்ச், 1366×768 டிவி: 49 புள்ளி. 178 செ.மீ.
3. 32 இன்ச், 1920×1080 டிவி: 69 புள்ளி. 127 செ.மீ.
4. 43 இன்ச், 4கே டிவி: 102 புள்ளி. 85 செ.மீ.
5. 55 இன்ச், 4கே டிவி: 80 புள்ளி. 109 செ.மீ.

மேசையில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 60, 70 செ.மீ. இருக்கும். 32 இன்ச் எச்டி ரெடி டிவியில் அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியையும் எண்ணலாம். 43 இன்ச் 4கே டிவி, புள்ளி நெருக்கத்தில் சாதாரண மானிட்டரைவிட மேல். சரி, அதுவே போதும் என்று அதை மேசைமேல் தூக்கி வைத்தால் வேறு வம்பு. அதன் அகலம் 95 செ.மீ. 60 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கிட்டத்தட்ட 77 பாகை. கண் மட்டும் திரும்பினால் போதாது, கழுத்தும் திரும்ப வேண்டும். விஏ வகை பேனல் என்றால் ஓரங்களைச் சாய்வாகப் பார்ப்பதால் நிறம் வெளிறியும் தெரியும். அந்த டிவியை 85 செ.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் ஒரு மீட்டர் தள்ளி வைப்பதே நல்லது. சோபாவில் சாய்ந்து பார்க்கும் உயரத்தில் சுவரில் மாட்டிய டிவியை அண்ணாந்து பார்த்தபடி டைப் அடிப்பதோ, சாயங்காலம் கழுத்துவலியில்தான் முடியும்.

இதனால்தான் டிவியை முதல் திரையாக்காமல் இரண்டாவது திரையாக வைப்பது புத்திசாலித்தனம். எழுதுவது, கணக்குப் போடுவது லேப்டாப்பில். அவ்வப்போது நிமிர்ந்து பார்க்கும் வீடியோ கால், வரைபடம், பங்குச் சந்தைக் கோடுகள், பார்த்து எழுத வேண்டிய பிடிஎஃப் எல்லாம் டிவியில்.

இன்னும் சில தொல்லைகள் பழகித்தான் ஆக வேண்டியவை. கணினி தூங்கினால் மானிட்டரும் தூங்கும், எழுந்தால் எழும்; டிவி 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டு அணைந்தால் ரிமோட்டை எடுத்தால்தான் எழும். டிவிகள் பலவற்றில் நான்கு மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானே அணையும் வசதியும் உண்டு. அதை முதலிலேயே நிறுத்திவிடுங்கள். ஓஎல்இடி டிவியில் டாஸ்க்பார்போல அசையாத படம் மாதக்கணக்கில் நின்றால் தடம் பதியலாம். சில டிவி பேனல்களில் புள்ளிக்குள் இருக்கும் மூன்று நிறத் துண்டுகளின் வரிசை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக இருக்கும். கிளியர்டைப் அதை அறியாமல் தப்பான ஓரத்தில் நிறம் பூசும். விண்டோஸில் கிளியர்டைப் சரிசெய்யும் கருவியைத் திறந்து கண்ணுக்கு எது தெளிவோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

## டிவியும் உங்கள் திரையைப் பார்க்கிறது

இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் ஏசிஆர் என்ற வசதி இருக்கிறது. திரையில் ஓடுவதிலிருந்து சிறு சிறு அடையாளங்களை எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, என்ன நிகழ்ச்சி பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கும். விளம்பரத்துக்காக. 2017இல் அமெரிக்காவில் விசியோ நிறுவனம், 1.1 கோடி டிவிகளில் பார்ப்போரின் சம்மதம் இல்லாமல் இப்படிச் சேகரித்ததாக எழுந்த வழக்கில் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. டிவியின் சொந்த ஆப்கள் மட்டுமின்றி, வெளியிலிருந்து இணைத்த கருவிகளின் படமும் அந்தச் சேகரிப்பில் அடங்கியிருந்தது.

அலுவலகக் கோப்புகளும் வங்கிக் கணக்கும் திறந்திருக்கும் திரைக்கு இது வேண்டாத விருந்தாளி. சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்ற பெயரில் இருப்பதை அணைத்துவிடுங்கள். டிவியில் நேரடியாக நெட் பார்ப்பதில்லை என்றால் வைஃபையையே துண்டித்துவிடலாம். மானிட்டருக்கு எதற்கு இன்டர்நெட்?

## எந்த வரிசையில் செய்வது?

வரிசை மாறினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

1. டிவியில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டின் முழுத் திறனைத் திறந்துவிட்டு, பிறகு கேபிளைச் சொருகுங்கள். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரையுள்ள கேபிள் போதும்.

2. இன்புட்டின் பெயரை 'பிசி' ஆக்குங்கள். ஓவர்ஸ்கேனை நிறுத்துங்கள். ஷார்ப்னஸை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

3. விண்டோஸ் கீயோடு பி (P) எழுத்தை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'டூப்ளிகேட்' வைத்தால் இரண்டு திரைக்கும் ஒரே படம் போகும். ரெசல்யூஷனும் ஏதாவது ஒன்றுக்குப் பொருந்தாமல் போகும்.

4. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் டிவியின் சொந்த ரெசல்யூஷனைக் கொடுத்து, ஸ்கேலைக் கண்ணுக்கு ஏற்றபடி கூட்டுங்கள். 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ், நிறம் எந்த வடிவில் போகிறது என்று எழுதியிருக்கும். ஆர்ஜிபி அல்லது 444 என்று இருக்க வேண்டும். கேபிளைச் சொருகியதும் ஒலி டிவிக்குப் போயிருக்கும். வேண்டாமென்றால் ஸ்பீக்கர் ஐகானில் மாற்றிக்கொள்ளுங்கள்.

5. கடைசியாக ஒரு சோதனை. ஸ்கேலைச் சற்று நேரம் 100க்கு இறக்கிவிட்டு, பெயிண்ட் மென்பொருளைத் திறந்து, நீலம் பூசி, அதன்மேல் சிறிய சிவப்பு எழுத்தில் ஏதாவது எழுதி டிவிக்கு நகர்த்துங்கள். அதே படத்தை லேப்டாப் திரையிலும் பாருங்கள். டிவியில் வெள்ளை மேல் கருப்பு எழுத்து ஓரளவு நன்றாக இருந்து, நீலத்தின்மேல் சிவப்பு மட்டும் கரைந்தால் எங்கேயோ நிறம் குறைக்கப்படுகிறது: அட்வான்ஸ்டு பக்கத்தில் 420 என்று இருந்தால் பாதையில், ஆர்ஜிபி என்று இருந்தும் கரைந்தால் டிவிக்குள். முதலாவது என்றால் கேபிளைப் பின்பக்கத்தில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டாவது என்றால் பிசி மோடை இன்னொரு முறை சரிபாருங்கள். இரண்டு எழுத்துமே ஒரே அளவில் மங்கினால், இன்னும் ஓவர்ஸ்கேன் அல்லது ரெசல்யூஷனில்தான் கோளாறு.